ஈரத் தரைமேல் பச்சைப் பெயிண்டு

நான் சித்தாளாகப் போன இடங்களில் நீச்சல் குளம் கட்டினது ஒன்றே ஒன்றுதான். எழுபதுகளின் கடைசி இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டை ஒட்டி, மெட்ராஸ்காரர் ஒருவர் தம் கம்பெனிக்கு வருகிறவர்கள் தங்குவதற்கென்று ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். அன்றைக்கு அந்தப் பக்கம் ஏரியும் முள்ளுக்காடும்தான். ரோட்டில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி நிற்கும்.

என்னோடு வேலைக்கு வந்தது என் வீட்டுக்காரருடைய அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். வீடு என்றால் ஒரு அறை. நாங்கள் உள்ளே படுப்போம், அவர் அடுப்புக்குப் பக்கத்தில். அண்ணிக்கு வாய் அதிகம். எனக்கு வாயே கிடையாது. ஐந்தாவது வரைக்கும் படித்தேன்; வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நின்று அழுதுவிடுவேன். கல்யாணம் ஆகியும் அது மாறவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் அண்ணிதான் பதில் சொல்வார்.

மேஸ்திரி அண்ணிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கட்டடம் திறந்ததும் கூட்டித் துடைக்க ஒரு பொம்பளை வேண்டும், பின்பக்கம் தங்க ஒரு ரூமும் உண்டு, அதை உனக்கே வாங்கித் தருகிறேன் என்று. அந்த ரூமுக்குக் கடைக்கால் போட்ட அன்று அண்ணி என்னை ஒரு பாண்டுச் சட்டி கலவைகூடத் தூக்க விடவில்லை. "தள்ளுமே. என் வூட்டுக்கு நான்தான் சொமக்கணும்" என்றார். தனக்கென்று ஒரு கதவு, அதற்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள். அது கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அந்த வருஷம் பூராவும் அண்ணிக்கு நினைப்பு.

குளம் கட்டி, சுற்றிலும் ஆறடி அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு நல்ல தரை என்றால் வழுவழுவென்று இருக்க வேண்டும். சிமெண்டுப் பால் விட்டு, இரும்புக் கரணையால் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். குளத்தில் முதல் தண்ணீர் விட்ட அன்று இன்ஜினியர் ஷூக் காலோடு வந்தார், இரண்டடி வைத்தார், அப்படியே மல்லாந்துவிட்டார். அண்ணி பாண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்யா, இது தரையா சறுக்கு மரமா? வர்ற வெள்ளைக்காரன் மண்டையை உடைச்சிக்கணுமா?" என்று இன்ஜினியர் கத்தினார். மேல்பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார்.

பதிலுக்கு என்ன போடுவது என்று முடிவாகவில்லை. பின்பக்கத்தில் மூன்று கட்டம் மாதிரிக்குப் போட்டார்கள். முதல் கட்டம் ரெட் ஆக்சைடு. மேஸ்திரிக்கு வழுவழுப்பின்மேல் ஆசை விடவில்லை. இரண்டாவது, சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சின்மேல் பச்சைப் பெயிண்டு அடித்து, அது காய்வதற்குள் சலித்த பாலாற்று மணலைத் தூவி, மேலே இன்னொரு தரம் பெயிண்டு. மூன்றாவது, சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் ஒரே பக்கமாக இழுத்துவிட்ட கோடு. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"செருப்புப் போடாத ஆளா பாத்து நடக்க விடுங்க. அப்பதான் தெரியும்" என்றார் இன்ஜினியர். செருப்புப் போடாத ஆள் நாங்கள்தான். சோப்புத் தண்ணீரை மூன்று கட்டத்திலும் ஊற்றினார்கள். தலையில் ஒரு பாண்டு மணல். விழுந்தால் விழட்டும் என்று ஆம்பிளைகள் சுற்றி நின்றார்கள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

அண்ணிதான் முதலில் போனார். சிவப்புக் கட்டத்தில் கால் வைத்ததும் ஆடிப்போனார். "மேஸ்திரி, இது தரை இல்ல, வெண்டக்கா கொயம்பு."

"நடையைப் பாத்து நடம்மா. தரைமேல இன்னா குத்தம்?"

"நீங்க வந்து நடங்களேன். உங்க தொப்பைய நான் புடிச்சிக்கிறேன்."

இன்ஜினியரே சிரித்துவிட்டார். பச்சைக் கட்டத்தில் கால் நின்றது. துடைப்பக் கோட்டில் அதைவிட நன்றாக நின்றது. விரல் ஒவ்வொன்றும் தரையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நான் நடந்தபோதும் அப்படித்தான். "இத்தயே போடுங்க சார். தேஞ்சாலும் கோடு இருக்கும். உரிஞ்சி போறதுக்கு மேல ஒண்ணும் கெடையாது" என்றார் அண்ணி. இன்ஜினியரும் அதையேதான் நினைத்தார் போல. ஆனால் அந்த வாரம் முதலாளியம்மா காரில் வந்து பார்த்தார். துடைப்பக் கோட்டை மாட்டுக்கொட்டாய்த் தரை என்றார். பச்சை, தோட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றார். அதோடு முடிந்தது.

புதிதாகச் சொரசொரப்புப் பூச்சு போட்டு, அது இறுக வேண்டும் என்று ஓரத்தில் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அந்த வேலை என்னுடையது. காலையும் சாயங்காலமும் குடம் குடமாக ஊற்றுவேன். "தண்ணி குடிச்ச சிமெண்டுதான் கல்லாவும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வாலாஜாபாத்தில் இன்னொரு வேலைக்குப் போய்விட்டார். போனவர் மறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சித்தாள் தானாக எதையும் நிறுத்த மாட்டாள். நிறுத்தித் தரை வெடித்தால் பேச்சு அவளுக்குத்தான். ஊற்றினால் யாரும் திட்டப்போவதில்லை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நாளை மறுநாள் பெயிண்டர் வருகிறார் என்று வாட்ச்மேன் சொன்ன அன்று காலைகூட ஊற்றியிருந்தேன். அப்புறம்தான் வரப்பை உடைத்துத் தண்ணீரை வடிய விட்டோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு என் அலுமினியத் தட்டைக் கழுவி, வெயிலில் காயட்டும் என்று அந்தத் தளத்தில் கவிழ்த்து வைத்தேன். வீட்டுக்குப் போகும்போது எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போய் எடுத்தால் தட்டுக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். தரையில் தட்டளவுக்கு வட்டமாகக் கறுப்பு. சுற்றிலும் தரை வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

அண்ணியிடம் காட்டினேன். "இன்னாமே இது, தரைக்கு வேர்த்து ஊத்துது? உன் சோத்தைப் பாத்து பயந்துகீது போல" என்று சிரித்தார். பிறகு குனிந்து அந்தக் கறுப்பு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி சிரிக்கவில்லை.

மறுநாள் பெயிண்டர் மெட்ராஸிலிருந்து வந்தார். மேஸ்திரியும் அன்றுதான் வாலாஜாபாத்திலிருந்து திரும்பியிருந்தார். வயசானவர், நகக்கண்ணெல்லாம் நிறம். டப்பாவைத் திறக்கவில்லை. தளத்தில் குந்தி உட்கார்ந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். "மேலுக்குக் காஞ்சிதான் கீது. தண்ணி நிறுத்தி எத்தினி நாளாச்சி? உள்ள ஈரம் இருந்துச்சின்னா பெயிண்டு நிக்காது. ஒரு மாசம் பொறுத்துக்கினா நல்லது" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் மாறியது. ஆவணியில் திறப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. பத்து நாள்கூட இல்லை. "மூணு வாரமாச்சி. தண்ணி ஊத்தின பொண்ணே இதோ நிக்குது, கேளு" என்று என்னைக் கை காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெயிண்டர், மேஸ்திரி, இன்ஜினியர், வாட்ச்மேன். "இன்னாம்மா, மூணு வாரம் ஆச்சா?" என்று பெயிண்டர் கேட்டார். நல்லவிதமாகத்தான் கேட்டார். முந்தாநாள் ஊற்றினது எனக்குத் தெரியும். தட்டு தெரியும். திறப்பு தள்ளிப்போனால் மேஸ்திரியை வேலையிலிருந்து கழித்துவிடுவார்கள், அவர் போனால் அண்ணியின் ரூமும் போகும், அதுவும் தெரியும். எப்போதும் எனக்காகப் பதில் சொல்கிற அண்ணி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்றைக்கு அவர் தலைச் சும்மாட்டை உதறி மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் தலையை ஆட்டினேன்.

"சரி, அந்தப் பொண்ணே சொல்லுது" என்று பெயிண்டர் டப்பாவைத் திறந்தார்.

மணலைத் தூவினது நாங்கள் இரண்டு பேரும்தான். "உப்புத் தூவுற மாதிரி தூவுமே, மூட்டைய அவுத்து கொட்டாத" என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். திறப்பு அன்றைக்கு அந்தத் தளம் புல்லு முளைத்த மாதிரிப் பச்சையாக இருந்தது. முதலாளியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்.

அண்ணிக்கு வேலை கிடைத்தது. ரூமும் கிடைத்தது. குடிபோன அன்று என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார். "தள்ளிப் பாருமே" என்றார். தள்ளினேன். "நல்லாத் தள்ளு. சோறு துண்ணலியா?" நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. உள்ளே அண்ணி சிரித்த சத்தம் கேட்டது.

ஐப்பசி மழை பிடித்ததும் பெயிண்டு அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பியது. நான் பார்க்கப் போயிருந்தபோது அண்ணி ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சியது. வாட்ச்மேனிடம் சொன்னார். அவர் மெட்ராஸுக்குச் சொன்னாராம். யாரும் வரவில்லை. வந்தவர்களுக்குக் குளம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணி தினமும் அந்தத் தளத்தைத் தேய்த்துக் கழுவினார். தேய்க்கத் தேய்க்கத் தோல் உரிந்தது. மேலே மணல் ஒட்டிக்கொண்டு, அடிப்பக்கம் வழவழவென்று, கை அகலத்துக்கு.

கார்த்திகையில் ஒருநாள் காலை, இரண்டு கையிலும் வாளியோடு போகும்போது அப்படி ஒரு தோலின்மேல் கால் வைத்துவிட்டார். கால் மணலைப் பிடித்துக்கொண்டதாம். பெயிண்டுதான் தரையை விட்டுவிட்டது. காலோடு சேர்ந்து அப்படியே நகர்ந்தது. விழுந்தது குளத்தின் விளிம்பில். இடுப்பு எலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மூன்று மாசம் வைத்திருந்தார்கள். அப்புறமும் எழுந்து நிற்க முடியவில்லை. ரூமில் வேறு பொம்பளை வந்தாயிற்று. அண்ணியின் மூட்டையை வாட்ச்மேன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அண்ணி மறுபடியும் எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து படுத்தார். இந்தத் தடவை எழுந்திருக்காமல்.

பங்குனியில் மேஸ்திரி ஆள் அனுப்பினார். பச்சையெல்லாம் சுரண்டிவிட்டு வேறு தளம் போடுகிறார்களாம். வீட்டில் என் கூலியும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். போனேன். சுரண்ட அவ்வளவு சிரமமில்லை. பல இடத்தில் கரணையை நுழைத்தாலே பாய் சுருட்டுகிற மாதிரி வந்தது. புதுப் பூச்சு போட்டதும் மேஸ்திரி தென்னந்துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். முதலாளியம்மா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லையாம். நான் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, கோடு கோணாமல், குளத்தைச் சுற்றிலும் இழுத்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணிக்குக் கஞ்சி கொடுத்தேன். "இன்னாத்த போட்டாங்கோ?" என்று கேட்டார்.

"துடைப்பக் கோடு."

"அப்பவே சொன்னேன்."

"ஆமா அண்ணி."

கிண்ணம் காலியானது. நான் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாசமும் தினம் சொல்ல நினைத்து, சொல்லாமலே பஸ் ஏறினவள் நான். அன்று சொன்னேன். பெயிண்டர் கேட்டபோது ஈரம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் தலையை ஆட்டினேன் என்றேன்.

அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்மே. தட்டை நானும்தானே பாத்தேன். எனக்கு ரூமு வோணும், நான் வாய மூடிகினேன். நீ இன்னாத்துக்கு மூடிகினு நின்ன?"

உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அதில் பொய்யும் கிடையாது. ஆனால் யாருக்கும் எந்த ரூமும் போகாது என்றிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? அன்றைக்கு அங்கே நாலு ஆம்பிளைகள் என்னைப் பார்த்தார்கள். பார்வை என்மேல் இருந்து போனால் போதும் என்று இருந்தது. தலையை ஆட்டினால் போய்விடும். ஆட்டினேன்.

அதை அண்ணியிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் அவர் அப்படியே கிடந்தார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போய் அந்தக் கதவைச் சாத்து. காத்து அடிக்குது" என்றார்.

எங்கள் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. சாத்தி, திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு கல்லை நகர்த்தி வைத்தேன்.