மலைக்குச் சுமந்த தண்ணீர்

நெடுந்தீவில் மாமியின் குசினியில், அடுப்படி மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கான் நிற்கிறது. மூடி இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் வரிசையில் நின்று, சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்து, கோப்பை கழுவிய தண்ணீரைக்கூட மாதுளங்கன்றுக்கு ஊற்றுகிற வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கான் தண்ணீர் குடிக்கப்படாமலும் கொட்டப்படாமலும் சும்மா நிற்கிறதென்றால் வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். மாமி பதில் சொல்வதில்லை. "உவளைக் கேளுங்கோ" என்று என்னைக் காட்டிவிடுவார். மாமி என் அப்பாவின் தங்கை. அவருடைய மகள், என் மச்சாள், இப்போது சுவிஸில் இருக்கிறாள். கானின் கதை அவளுடையது.

மச்சாள் உயர்தரம் படிப்பதற்காகக் இன்னொரு தீவில், கரம்பொனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அதைத் தவிர வேறெதிலும் ஒற்றுமை கிடையாது. நான் ஒரு பக்கத்தை வாசிக்கும்போதே அடுத்த பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டிருப்பவள். அவள் பஸ் ரிக்கற்றில் அச்சடித்திருப்பதையும் முழுக்க வாசித்துவிட்டுத்தான் மடிப்பாள். அந்த நாட்களில் நான் ஆங்கிலத்தில் ஏழு பாகமாக வந்த ஒரு மாயக்கதையில் பித்தாகிக் கிடந்தேன். கடலோரச் சமவெளியில் பிறந்த ஒரு தோணிக்காரப் பெண், நாக்கில்லாத ஒரு வெண்கல மணியைத் தூக்கிக்கொண்டு, தான் கண்ணாலும் கண்டிராத ஒரு மலைக்குப் போகிறாள். அந்த உச்சியில் மணி ஒலிக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒலிக்குமா, ஒலிக்காதா? அதற்குத்தான் ஏழு பாகமும். மச்சாள் முதற்பாகத்தின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடல் கதைக்குது, மரம் நடக்குது. உனக்கென்ன, பால்பல்லு இன்னும் விழேல்லையோ?" என்றாள். பிறகு ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல், அந்தப் பெட்டை ஏன் பாலங்காவல்காரனை நம்பினவள் என்று கேட்டாள். பாலங்காவல்காரன் வருவது பாகத்தின் நடுவில். எனக்குத் தெரியாமல் அதுவரைக்கும் வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு புத்தகம், இரண்டு தலை. யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகக்கடைகளில் தேடியும் வகுப்புப் பிள்ளைகளிடம் இரந்தும் அடுத்தடுத்த பாகங்களைச் சேர்த்தோம். ஒருத்தியை விட்டு மற்றவள் வாசிக்கக்கூடாது என்பது சட்டம். நான் பக்கத்தின் அடிக்கு ஓடிப்போய் பெருவிரலால் தட்டிக்கொண்டு நிற்பேன். அவள் "பொறு" என்பாள். அவளோடு வாழ்ந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். சோதனை முடிந்தது, முடிவு வந்தது, அவள் நெடுந்தீவில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கப் போனாள், நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சட்டம் மட்டும் மாறவில்லை. சனிக்கிழமைகளில் இறுப்பிட்டியைத் தாண்டிக் குறிகட்டுவானுக்குப் போய், படகு பிடித்து, கடல்நீர் முகத்தில் அடிக்க அடிக்கப் புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போவேன். ஏழாம் பாகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது அவளுக்குச் சுவிஸ் விசா கிடைத்தது. மாப்பிள்ளை அங்கேதான்; முன்பே வந்து எழுத்தெழுதி, கல்யாணத்தைப் பதிந்துவிட்டுப் போனவர். ஆவணி முடிவதற்குள் பறக்கவேண்டும்.

அவள்தான் சொன்னாள், கடைசி அத்தியாயத்தை மலையில் வாசிப்போம் என்று. தோணிக்காரப் பெண் மலையடிவாரத்தில் நிற்கிற இடத்தில்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம். நானும் அவளும் பிறந்ததிலிருந்து மலை பார்த்ததில்லை. எங்கள் தீவுகளில் பனைக்கு மிஞ்சிய உயரம் கோயிற் கோபுரமும் வெளிச்சவீடும்தான். "மலையெண்டா என்னெண்டு தெரியாமல் மலையில என்ன நடந்ததெண்டு வாசிச்சு என்ன பிரயோசனம்?" என்றாள். எனக்கு அதற்குமேல் காரணம் தேவையில்லை. என் அண்ணை பதுளையில் ஒரு வங்கியில் வேலை செய்தார். அங்கேயிருந்து நமுனுகுல மலை ஏறலாம், ஆவணியில் அந்தப் பக்கம் மழையும் குறைவு என்றார். அம்மாவும் மாமியும் அண்ணையின் பொறுப்பில் எங்களை விட்டார்கள்.

தீவுக்காரர் மட்டும் செய்யக்கூடிய ஒரு பிழையை நாங்கள் அங்கேதான் செய்தோம். மலைக்குப் போகிறோம், நாள் முழுக்க வெயிலில் ஏறவேண்டும், அப்படியென்றால் தண்ணீர் வேண்டும். எங்கள் மண்டையில் இதற்கு மறுபேச்சே எழவில்லை. ஆளுக்கொரு பெரிய கான். அதையும் பதுளையில் நிரப்பவில்லை. தெரியாத ஊர்த் தண்ணீரை நம்ப ஏலாது என்று கரம்பொனிலேயே நிரப்பி, பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்து, இலங்கையின் வடக்கிலிருந்து மலைநாடு வரைக்கும் கொண்டுபோனோம். அண்ணை பஸ் நிலையத்தில் எங்களையும் கானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அடுத்த நாள் காலையில் கானை விட்டுவிட்டு வரச் சொன்னார். மச்சாள் கேட்கவில்லை. புத்தகம் முதுகில், கான் கையில்.

தேயிலைக்குள்ளால் போன பாதை முதலில் எளிதாக இருந்தது. பிறகு அது நிமிர்ந்தது. சமதரையில் நடந்து பழகிய கால் மலையில் வேறு கால் ஆகிவிடுகிறது. முழங்காலுக்குப் பின்னால் அதுவரை தெரியாத நரம்புகள் எல்லாம் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கின. கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருவர் கானைக் கண்டுவிட்டார். "ஏம்மா, மலைக்கா தண்ணி தூக்கிக்கிட்டுப் போறீங்க?" என்றார். சிரிப்பு நிரை நிரையாக மேலே ஏறிப்போனது. அவர் ஏன் சிரித்தார் என்பது அடுத்த வளைவில் விளங்கியது. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் தானாக வந்து, பாதையைக் குறுக்கறுத்து, ஒருவருக்கும் வேண்டாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. மச்சாள் ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். ஆட்டுக்கு வைக்கிற ஒரு வாளி தண்ணீருக்கே வீட்டில் சண்டை பிடித்து வளர்ந்தவளுக்கு அந்தக் காட்சி சந்தோசமாக இருந்ததா கோபமாக இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணை கானை ஊற்றிவிட்டு வெறுங்கையோடு ஏறச் சொன்னார். அவள் அவரை ஏதோ கெட்டவார்த்தை பேசியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தண்ணியை நிலத்தில ஊத்தச் சொல்லுறியளோ அத்தான்? எங்கட ஊரில கேட்டா அடிப்பினம்."

நானும் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் ஏறியிருப்போம். காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய பாறை. அதற்கு வந்தபோது அவளுடைய உள்ளங்கைகள் கானின் பிடி அறுத்துக் கன்றியிருந்தன, என்னுடைய வலது கால் மடங்க மறுத்தது, மேலே முகில் இறங்கி உச்சியை விழுங்கிவிட்டது. இனி ஏறினால் இறங்கும்போது இருட்டிவிடும் என்று அண்ணை கண்டிப்பாகச் சொன்னார். நான் பாறையில் இருந்துகொண்டு புத்தகத்தை எடுத்தேன். இங்கேயே வாசிப்போம், இதுவும் மலைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். பறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. இதை விட்டால் அவளும் நானும் ஒரே இடத்தில் இருந்து வாசிக்கப்போவது எப்போதோ. அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"உச்சியெண்டுதானே சொன்னனாங்கள். உச்சியிலதான்."

இறங்கும்போது அந்தப் பெண்கள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடியிருந்தார்கள். மச்சாள் நேரே போய்க் கான்களை அவர்கள் முன் வைத்தாள். காலையில் சிரித்தவர் கைகளைக் குவித்து வாங்கிக் குடித்துவிட்டு, "உப்புக் கரிக்குதே" என்றார். எங்கள் ஊர்த் தண்ணீர் என்றாள் மச்சாள். அவர் சிரிக்காமல் இன்னொரு முறை கையை ஏந்தினார்.

நெடுந்தீவில் இதைச் சொன்னபோது மாமி ஒரு சொல்லையும் நம்பவில்லை. கல்லுக்குள்ளால் தண்ணீர் சும்மா ஓடுகிறதாம், ஒருவரும் பிடிக்கிறதில்லையாம். "அவ்வளவு தண்ணியெண்டா ஒரு கான் கொண்டு வந்திருக்கலாமே. கொண்டு போகத் தெரிஞ்சது, கொண்டுவரத் தெரியேல்லை" என்றார். மச்சாள் எழும்பிப் போனாள். மாமாவின் வலைநூலையும் ஊசியையும் எடுத்துவந்து, கடைசி அத்தியாயத்தின் தாள்களை விளிம்போடு சேர்த்துத் தைத்தாள். முடிச்சு வலைக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். தைத்த புத்தகத்தை என்னிடம் தந்தாள். உனக்குத்தான் பொறுமையில்லை, ஆகையால் நீயே வைத்திரு என்றாள். பிறகு பறந்துவிட்டாள்.

தைத்த ஓர் அத்தியாயத்தோடு ஒரே அறையில் வாழ்வது என்னைப் போன்றவளுக்கு லேசான காரியமில்லை. வளாகத்தில் யாராவது அந்தக் கதையைப் பற்றி வாய் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப்போனேன். இணையத்தில் அதன் பெயர் கண்டால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவள் அங்கே எந்தக் கடையிலும் ஒரு பிரதி வாங்கி ஒரே இரவில் முடித்திருக்கலாம். அம்மா அதையே சொன்னார்: அவள் பிளேனிலேயே வாசித்திருப்பாள், நீதான் விசரி மாதிரி நூலைக் காவல் காக்கிறாய். நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்றாகிவிடும். அவள் முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்தாள், மாலையில் டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி படித்தாள். வீட்டு யன்னலில் மலை முழுசாகத் தெரியும் என்று கணவர் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: "நான் திரைச்சீலையைத் திறக்கிறேல்லை. மலையைப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது. அடுத்த ஆவணிக்கு இருவரும் ஒரே நாளில் ஏறுவோம் என்றேன். அவள் அங்கே, நான் இங்கே. அவள் ஓம் என்றாள். ஏற்றமே இல்லாத தீவில் ஏறப் பழகுவது எப்படி? எங்களுக்கு மேடு என்றால் காற்றுத்தான். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் திரும்பி வரும்போது சைக்கிளை முன்னே தள்ள ஒரு மாட்டின் பலம் வேண்டும். நான் தினமும் அதற்கு எதிராக மிதித்தேன். விடியலில் அயலூர் சுருவில் வரை ஓடினேன். நாய்களும் ஊர்ச்சனமும் இவளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். அவளுடைய மலைக்கு உச்சிவரைக்கும் சிவப்பு ரயில் போகிறதாம். கணவர் ரிக்கற் எடுத்துத் தருகிறேன் என்றாராம். அந்தப் பெட்டை மணியை ரயிலிலோ கொண்டு போனவள் என்று கேட்டுவிட்டாள். எனக்கு ஒரேயொரு கட்டளைதான்: கானைக் கொண்டுபோ, வெறுங்கானாய்.

இம்முறை அந்தப் பாறையில் நான் நிற்கவில்லை. நின்றால் இருந்துவிடுவேன் என்று தெரியும். ஒவ்வொரு நீரோட்டத்திலும் கையால் அள்ளிக் குடித்தேன். முதல் மிடறுக்குப் பிறகு பயம் போய்விட்டது. காட்டுக்குள் அட்டை ஏறியது, வேர் தடுக்கியது, மூச்சு இரும்புபோலச் சுட்டது. அண்ணை முன்னால் போகவில்லை, பின்னாலேயே வந்தார். வெறுங்கான் முதுகில் தட்டித் தட்டி, நட என்று சொல்லிக்கொண்டே வந்தது. மரங்கள் திடீரென்று முடிந்தன. அதற்கு மேல் ஏற ஒன்றுமில்லை. ஒரு பக்கம் முழுவதும் ஆகாயம்; மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, காற்று அடித்த கடல்போல.

அவளை வீடியோவில் அழைத்தேன். வியர்வையில் குளித்த முகம் தெரிந்தது, பின்னால் பச்சைப் புல், எங்கிருந்தோ மணிச்சத்தம். "இஞ்ச மாடும் மலை ஏறுது மச்சாள். எங்கட மாடு கண்டா வெக்கப்படும்" என்றாள். நூலை அறுக்க என்னால் முடியவில்லை. பல்லால் கடித்தேன், அண்ணையின் வீட்டுத் திறப்பால் அறுத்தேன், அவள் தன் முடிச்சைப் பார்த்துத் தானே சிரித்தாள். கடைசியில் அது விட்டது. காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தி வாசிக்கத் தொடங்கினேன். அவள் "பொறு" என்றபோதெல்லாம் பொறுத்தேன். கடைசிப் பக்கத்தில், தோணிக்காரப் பெண் மணியைத் தலைக்குமேலே தூக்குகிற இடத்துக்கு வந்தபோது தொடர்பு அறுந்துவிட்டது. திரையில் ஒன்றுமில்லை. கீழேயிருந்து முகில் எழும்பத் தொடங்கியிருந்தது. அண்ணை வாசித்து முடித்துவிட்டு இறங்கலாம், பிறகு அவளுக்குச் சொல்லலாம் என்றார். கண்ணுக்கு முன்னால் அரைப்பக்கம். நான் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டு முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் எந்தப் பக்கத்தையும் நான் அப்படி மூடி வைத்ததில்லை. தொலைபேசி அடித்தது.

"வாசிச்சிட்டியோ?"

"இல்லை."

"நானும் பயந்து போனன். சரி, சொல்லு."

மணி ஒலித்ததா என்று இங்கே எழுதமாட்டேன். ஏழு பாகத்தையும் நீங்களே ஏறுங்கள். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். அந்தப் பக்கத்தில் மாடுகளின் மணிகள் மட்டும் கேட்டன. பிறகு அவள் சொன்னாள்: "இனி வீட்டை போய்த் திரைச்சீலையைத் திறக்கலாம்."

இறங்கும் வழியில், பாறை இடுக்கில், கானை நிரப்பினேன். கீழே கொண்டுவருவதும் எளிதல்ல. பஸ்ஸில் காலுக்கிடையில், குறிகட்டுவானில் தோளில், படகில் மடியில். மாமி ஒரு மூக்குப்பேணியில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்தார். "உப்பே இல்லை. சப்பெண்டு கிடக்கு" என்றார். பிறகு இரண்டு கையாலும் மூடியை இறுக்கினார். மிச்சம் அங்கே ஏறினவளுக்கு, வந்து குடிக்கட்டும் என்றார். அவள் வரும்வரை வைத்தால் பழுதாகிவிடும் என்று சொன்னேன்.

"காய்ச்சிக் குடுப்பன்" என்றார் மாமி.

கானை மூலைக்குத் தள்ளியும் விட்டார். கழுத்துக்குக் கீழே குறைந்திருக்கிற அந்த ஒரு மிடறு மாமியினுடையது. மிச்சத்தில் யாரும் கைவைக்கவில்லை.