பல்லைப் பிடுங்கிய பிறகும் போகாத வலி

முதலில் வலித்தது தாடை. இடது பக்கம், காதுக்குக் கீழே. காலையில் எழுந்தால் வாயைத் திறக்க முடியாது. எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியோரம். ஏரித் தண்ணீரில் இடுப்பு முங்க உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது என் வேலை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வோம். தினமும் ஐந்து மணி நேரம் பறியைக் கவ்வுகிறவளுக்குத் தாடை வலித்தால் யார் அதிசயப்படப் போகிறார்கள்? நானும் அதிசயப்படவில்லை.

நெடுஞ்சாலைப் பக்கத்து ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை என்று பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கச் சொல்லி மறுபடி போய் நின்றேன். "அது நல்ல பல்லும்மா" என்றார். நச்சரித்துப் பிடுங்க வைத்தவள் நான்தான். அந்தப் பல்லை நினைத்தால் இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வலி மட்டும் இல்லை. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். சோறு வாயில் மண்ணாக இருக்கும். ஏரியில் உள்ளங்கைக்கு அடியில் இறால் துள்ளுவது நன்றாகத் தெரியும். ஆனால் விரலை மூடத் தோன்றாது. அது நழுவிப் போகும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட வேலை செய்த பெண்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோர் வாயிலும் பறி இருக்கும்போது ஒருத்தி பேசாமல் இருப்பது எப்படித் தெரியும்?

இங்கே என் தம்பி சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு மனச்சிதைவு நோய் (இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ தன்னைத் துரத்துவதாக நம்புவது). ஏழு வருடத்துக்கு முன்னால், கரையில் நின்ற படகுகள் மீது கல் எறிந்து, தெருவில் நின்று கத்தினான். ஊரே கூடி வேன் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அங்கிருந்து திரும்பியதிலிருந்து அவன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். வியாழக்கிழமைதோறும் மனநல மருத்துவர் வருகிற அரசு மருத்துவமனைக்கு மாதம் ஒரு தடவை அவனை பஸ்ஸில் அழைத்துப் போவேன்.

அந்த வராந்தாவில் உட்கார இடம் கிடைக்காது. முதல் தடவை போனபோது, இத்தனை பேருக்கா இந்த நோய் என்று மலைத்தேன். பிறகு பழகிவிட்டது. நோயாளி யார், கூட வந்தவர் யார் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஊருக்குத் தொந்தரவு கொடுத்தவர் நோயாளி. தொந்தரவு கொடுக்காதவர் கூட வந்தவர். என் கணக்கு அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை, தம்பியைப் பார்த்து முடித்த டாக்டர் அம்மா சீட்டு எழுதிக்கொண்டே என்னைக் கேட்டார். "வந்ததுலேர்ந்து கன்னத்துலயே கை வெச்சிருக்கீங்க. பல்வலியா?"

"பல்ல புடுங்கியாச்சுங்க. வலிதான் போவல."

"தூங்குறீங்களா?"

"மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதுங்க."

"சாப்பாடு?"

"எல்லாருக்கும் ஆக்கி வெக்கிறேங்க."

"நீங்க சாப்பிடுறீங்களான்னு கேட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதே குரலில், தூக்கத்தைப் பற்றிக் கேட்டது போலவே கேட்டார். "செத்துப்போனா தேவலன்னு தோணுதா?"

"தோணுதுங்க. தெனமும்."

யாரிடமும் சொல்லாததை, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். சொன்ன பிறகு அழுகை நிற்கவில்லை. எனக்கு இருப்பது மனச்சோர்வு நோய் (வாரக்கணக்கில் விலகாத சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமல் போவது) என்றார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். தாடை வலி அதனால்தானாம். "இது ரொம்பப் பேருக்கு வர்ற நோய்மா. சத்தம் போடாததால யாரும் கூட்டிட்டு வர்றதில்ல" என்றார். எனக்கும் ஒரு சீட்டு எழுதினார். சாகிற நினைப்பு முற்றினால் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது, எந்த நாளானாலும் வந்துவிட வேண்டும் என்று என்னிடமும் சொன்னார், தம்பியிடமும் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னாமே, வூட்டுக்கு ஒரு சீட்டு போதாதா? ரெண்டு பேரு பைத்தியக்கார டாக்டராண்ட போனா நம்ம பொண்ண யாரு கட்டுவான்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவர் பயந்தது எனக்குப் புரிந்தது, எனக்கும் அதே பயம்தான். ஆனால் நான் செத்துப்போய்விடுவேனோ என்கிற பயம் அவருக்கு வரவில்லையே என்று மனசு விட்டுப்போனது.

அதனால் என் மாத்திரைகளைத் தம்பியின் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். ஆறு நாள் விழுங்கினேன். குமட்டியது, வாய் வறண்டது, மனசில் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சேகர் டப்பாவோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "வட்டமா கீறது என்னுது. நீட்டமா கீறது ஒன்னுது. நானும் பாத்துகினே கீறேன், நீட்டமானது கொறையவே இல்ல."

"அது ஒண்ணும் வேல செய்யலடா. கொமட்டுது."

"நான் இதே மாதிரி சொன்னப்போ நீ வுட்டியா?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் விழுங்கியதும், "ஏழு வருசமா வாயத் தொறந்து காட்டுடான்னு என்னிய படுத்தன இல்ல. இப்ப நீ காட்டு" என்றான். திறந்து காட்டினேன். உற்றுப் பார்த்தான். "அக்கா, ரெண்டு பல்லு காணோமே" என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அதன் பிறகு ஒருநாள்கூட அவன் விடவில்லை. ஊர் பைத்தியம் என்று சொன்னவன்தான் என்னைக் காப்பாற்றினான். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான். ஒரு மாதம் கழித்து ஏரியில் ஒரு காலை, விரல்கள் தானாக மூடிக்கொண்டன. உள்ளே பெரிய இறால் ஒன்று உதைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் கை எனக்குக் கிடைத்த மாதிரி இருந்தது. தாடை வலி முழுதாகப் போக இன்னும் இரண்டு மாதம் ஆனது.

அப்போதுதான் ஆரம்பாக்கம் பக்கமிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல பையன், மகளுக்கும் பிடித்திருந்தது. தம்பியைப் பற்றி முன்பே விசாரித்திருந்தார்கள். பையனின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணத்தப்போ ஒங்க தம்பிய ஒரு வாரம் எங்கனா வெச்சிடுங்க. சொந்தக்காரங்க நாலு பேரு வருவாங்க."

வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் காபித் தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அவன அனுப்பறதா இருந்தா என்னியும் அனுப்பணும்ங்க" என்றேன். "நானும் அதே டாக்டராண்டதான் மாத்திரை வாங்கறேன்."

அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். இரண்டு நாளில், வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்காரர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மகள், "மாமாவ தொரத்திட்டு எனக்கு ஒரு கல்யாணமா?" என்றாள். சொல்லிவிட்டுப் போய் அழுதாள். நான் செய்தது சரியா என்று அந்த வாரம் முழுக்கக் குழம்பினேன். மாத்திரையை மட்டும் விடவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. வராந்தாவின் கடைசியில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அந்தப் பையனின் அம்மா நின்றிருந்தார். கூட யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆறு மாதம் முந்தி கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான் அவருக்கும் என்று தெரிந்தபோது இரண்டுமே போய்விட்டன.

சேகர் எழுந்து, "ஒக்காருங்கம்மா" என்று தன் இடத்தைக் காட்டினான். அவர் தயங்கி உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி, "போன வாரம் குடுத்தாங்க. ஒண்ணும் தெரியல. எத்தினி நாள்ல சரியாவும்?" என்று கேட்டார்.

"மொத ரெண்டு மூணு வாரம் அப்டித்தாங்க இருக்கும். கொமட்டும். அதுக்காக வுட்டுடாதீங்க" என்றேன். "மூணு வாரந்தான, போயிடும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. விடிந்ததிலிருந்து மதியம் வரை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் கிடந்தவள் நான். இப்போது மூன்று வாரத்தை, ஏதோ பக்கத்து ஊர் போல, கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.