என் மனைவி நேர்ந்துகொண்ட கால்

மாரியம்மனை நம்பி இருக்கும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஒரு கால் செத்துக் கிடந்தவன் நான்.

போன வருஷம் மாசி மாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். தலையில் கரும்புக் கட்டோடு பலகையில் ஏறும்போது வழுக்கி, வரப்பில் இடுப்பு அடிபட விழுந்தேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். வீட்டிலேயே வைத்தியம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

என் மனைவி செல்வி கரியாலூர்க்காரி. பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவில் பாதிப் பேர் அவளிடம் மிதி வாங்கியவர்கள்தான். ஆனால் அன்றைக்கு அவள் தயங்கினாள்.

“இது வுழுந்த அடிங்க. பிடிப்பு இல்ல. எனக்கு பயமா கீது.”

“ஊருக்கெல்லாம் மிதிக்கிற, எனக்கு மிதிக்க இன்னா? மிதி” என்று அதட்டிவிட்டுக் குப்புறப் படுத்தேன்.

மூன்றாவது மிதியில் உள்ளே ஏதோ நகர்ந்தது. வலி போய்விட்டது. நான் சிரித்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் இடது கால் வரவில்லை. கிள்ளினேன், தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ என் பக்கத்தில் கிடத்தி வைத்த மாதிரி இருந்தது. சிறுநீரும் கட்டிக்கொண்டது.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். “வுழுந்ததுல முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கியிருக்கு. மிதிச்சதுல இன்னும் தள்ளி நரம்பை நசுக்கிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். கால் வருமான்னு இப்ப சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

செல்வி அழவில்லை. என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே வந்தாள். வாய் முணுமுணுத்தது.

“மாரியாத்தா, அவரு கால குடுத்துடு. மிதிச்ச என் கால நீ எடுத்துக்கோ.”

கேட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து பதினோராம் நாள் கட்டைவிரல் அசைந்தது. செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். என் காலில் உயிர் வரவர, நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படி இறங்கினால் என் மூச்சு நின்றது. அந்த வேண்டுதலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடி மாதம் விறகுக்குப் போனவள் நொண்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் அந்த மிதித்த கால் வீங்கி, ஜுரமும் வந்து, கீழே ஊன முடியவில்லை. சொன்னதை வாங்கிக்கொள்ள ஆத்தா வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அக்கம்பக்கத்தார் நர்சம்மாவைக் கூப்பிட ஓட, நான் கைத்தடியோடு கோயிலுக்குப் போய் வாசலில் விழுந்தேன்.

“அவ அறியாம சொல்லிட்டா தாயி. மிதிக்கச் சொன்னவன் நான். குடுத்த கால நீயே எடுத்துக்கோ. அவள வுட்டுடு.”

தப்பு என்னுடையது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தபோது நர்சம்மா அவள் பாதத்திலிருந்து விரல் நீளக் கருவேல முள்ளை எடுத்துக் காகிதத்தில் வைத்திருந்தார். நாலாம் நாள் செல்வி தண்ணீர்க் குடம் தூக்கினாள். என் காலும் என்னிடமே இருந்தது.

இன்றைக்கும் கண் விழித்ததும் அவள் நடக்கும் சத்தத்தைத்தான் தேடுகிறேன். அந்தப் பயம் போகவில்லை. மூன்றாவது மிதி இன்னும் என் முதுகில் இருக்கிறது. ஆனால் ஆத்தா எங்கள் இருவர் குரலையும் கேட்டாள், இருவரிடமும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. செல்வி இப்போது யாரையும் மிதிப்பதில்லை. பிடிப்பு என்று வருகிறவர்களை நானே பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

உங்களுக்குக் கஷ்டம் வந்தால் தயங்காமல் ஆத்தாவிடம் போங்கள். அழுது கேளுங்கள், கொடுப்பாள். ஆனால் கையையும் காலையும் தருகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். அதைக் காதால் கேட்டவன் படும் பாடு எனக்குத் தெரியும்.