திருப்பிப் போட்ட நீல ஜெர்சிகள்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து நடக்கும் எங்கள் கால்பந்து லீக்கில் மூன்றாம் டிவிஷன்தான் கடைசிப் படி. அங்கே ஆடும் அணிகள் சீசன் தொடங்கும் முன் தங்கள் ஜெர்சியின் மாதிரியை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் கொடுப்பவனாக நான் இருந்தேன். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன், இளமையில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன் என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வேறு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இப்போது ஜெர்சிகளில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். திருப்பூருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும், வெள்ளைத் துணியில் அதை ஏற்றிப் பார்சலாக அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் பையன்கள் மனதில் தோன்றியதையெல்லாம் ஏற்றினார்கள். ஓர் அணி வயிற்றில் வாய் பிளந்த புலியைப் போட்டது. இன்னோர் அணி ஐரோப்பிய கிளப் ஒன்றின் பட்டைக் கோடுகளை அப்படியே எடுத்து, நடுவில் போர்வெல் கம்பெனியின் பெயரைப் போட்டது. மக்காச்சோள வியாபாரி ஒருவர் வாங்கித் தந்த பச்சை ஜெர்சியில் இரண்டு தோளிலும் கதிர்கள் முளைத்திருந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் லீக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதுவேன். புலிக்கு, சர்க்கஸ் எந்த ஊரில் என்று கேட்டேன். கோடுகளுக்கு, பெட்ஷீட் துணி மிஞ்சிவிட்டதா என்று கேட்டேன். வகுப்பிலும் நான் அப்படித்தான். எல்லோர் முன்னிலையிலும் ஒருவனை ஒரே வாக்கியத்தில் தலைகுனிய வைப்பதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

ஜெர்சியில் ஆட்களின் படம் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கட்சித் தலைவர்களும் நடிகர்களும் மைதானத்துக்குள் வந்து சண்டையாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஆனால் பெரம்பலூருக்கு மேற்கே உள்ள ஓர் அணி அனுப்பிய மெரூன் ஜெர்சியில், இடது மார்பில் ஒரு வட்டத்துக்குள் முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர் இருந்தார். அணியைத் தொடங்கியவர், மைதானத்துக்கு நிலம் விட்டவர், இறந்துபோனவர். எங்கள் சாதிக்காரர். என் மனைவி வழியில் சுற்றி வந்தால் உறவும்கூட. படத்துக்குக் கீழே 'அணியின் சின்னம்' என்று எழுதி ஒப்புதல் கொடுத்தேன். அதற்குக் குரூப்பில் நான் கேலி எதுவும் எழுதவில்லை.

கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அணி வெறும் நீல ஜெர்சியை அனுப்பியிருந்தது. பையன்கள் எல்லோரும் ஒரே தெரு. அந்தத் தெருவின் தாத்தாக்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பேரன்களில் ஒருவன் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன், ஒருவன் கூரியர், ஒருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நீலம் எதற்கான நீலம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு கலரே கடையில் இல்லையா என்று ஒரு வரி எழுதிவிட்டு அதற்கும் ஒப்புதல் கொடுத்தேன். நீலத்தைத் தடுக்க என்னிடம் விதி இல்லை.

அதன் பிறகுதான், சீசன் தொடங்குவதற்குள், அந்த அணியின் ஃபார்வர்டு சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தான். எங்கள் பக்கத்தில் இளவயதில் ஒருவன் போய்விட்டால் நண்பர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். முச்சந்தியில் பிளக்ஸ் வைப்பார்கள், பைக்கில் அவன் படத்தை ஒட்டிக்கொள்வார்கள், அணி இருந்தால் ஜெர்சியில் ஏற்றுவார்கள். இவர்களும் புதிதாக அடித்துக்கொண்டார்கள். அதே நீலம். மார்பு முழுக்க அவன் முகம். எனக்கு மாதிரி அனுப்பவில்லை. சாவு வீட்டில் அது யாருக்கு நினைவிருக்கும்?

அவர்களின் முதல் ஆட்டம் பெரம்பலூரில், மெரூன் அணியோடு நடந்தது. பிற்பகல் வெயில். நீல அணி வேனிலிருந்து இறங்கி வரிசையாக நடந்து வந்தபோது, ஒரே முகம் பதினொரு முறை என்னை நோக்கி வந்தது. கொஞ்சம் வெளிறிய செல்போன் படம். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். ரெஃப்ரியாக வந்திருந்த இளம் உடற்கல்வி ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

நான் எழுந்து போய், ஒப்புதல் இல்லாத ஜெர்சியில் ஆட முடியாது என்றேன்.

கேப்டன் அந்த எலக்ட்ரீஷியன்தான். அவன் குரல் உயரவில்லை. சாவைச் சொன்னான், திருப்பூரிலிருந்து முந்தின நாள்தான் பார்சல் வந்ததைச் சொன்னான். பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் படியைக் காட்டினான். அங்கே ஓர் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அவங்க அம்மாங்க சார். சாவுக்கப்புறம் வூட்ட வுட்டு இப்பத்தான் வெளிய வந்துருக்காங்க. உன் மவன் எங்களோட ஆடுவான், வந்து பாருன்னு சொல்லிக் கூட்டியாந்தோம்."

நான் விதியைச் சொன்னேன். அவன் திரும்பி, எதிரே உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த மெரூன் அணியைப் பார்த்தான்.

"அவங்க சட்டையிலயும் செத்தவரு மூஞ்சிதானே சார் இருக்கு?"

"அது சின்னம்ப்பா. இது போட்டோ."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பார்வையைத் திருப்பவில்லை. எனக்கு அப்போது தோன்றியது வெட்கம் அல்ல. என்னிடம் இப்படி நின்று கேட்கிறானே என்ற எரிச்சல். அவன் தாத்தா என் தாத்தாவிடம் கேட்டிருக்க மாட்டார் என்ற எண்ணம் அந்த எரிச்சலுக்குள் இருந்தது. படித்தவன், மேடையில் சமத்துவம் பேசியவன், எனக்குள் அது பத்திரமாக இருந்தது.

ஆடாவிட்டால் எதிரணிக்கு வெற்றி என்றேன். வேறு ஜெர்சி அவர்களிடம் இல்லை; ஒப்புதல் வாங்கிய வெறும் நீலத்தில் மாதிரி ஒன்று மட்டுமே அடித்திருந்தார்கள். வழியும் நானே சொன்னேன், பெருந்தன்மை போல. "திருப்பிப் போட்டுக்கிட்டு ஆடுங்க."

மைதானத்தின் நடுவிலேயே கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் துணியில் அச்சு ஒரு பக்கம்தான், உள்பக்கம் வெள்ளை. முகம் உடம்போடு போய் ஒட்டிக்கொண்டது. முதுகில் எண்ணும் மறைந்துவிட்டதால், என் பையிலிருந்த மார்க்கரை எடுத்து எண்களை நானே எழுதினேன். ஒவ்வொருவனாக வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றான். துணி நழுவாமலிருக்க இடது கையால் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். மருந்துக்கடைப் பையனின் தோள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நேராக நில் என்று அதட்டினேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. வேர்வை. மெல்லிய துணி நனைந்து உடம்போடு ஒட்ட ஒட்ட, வெள்ளைக்குள்ளிருந்து நீலம் ஊறி வந்தது. பிறகு முகம் வந்தது. இடம் வலம் மாறி, மங்கலாக, தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல. முதலில் அதிகம் ஓடியவர்களின் மார்பில், பிறகு எல்லோர் மார்பிலும். படியில் இருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கோல் வலையைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிறவர்களையே பார்த்தார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் மெரூன் அணியின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் சத்தமாகச் சொன்னான்:

"யோவ் ரெஃப்ரி, பன்னெண்டு பேரு ஆடுறானுவய்யா. செத்தவன வெளிய எறக்கு."

மரத்தடி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதை எழுதவே இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். விதியை வளைத்ததை, பாரபட்சத்தை, என் சாதிப் புத்தியை எழுதுவது கடினமாக இல்லை. இந்தக் காலத்தில் அதையெல்லாம் ஒப்புக்கொள்ளச் சொற்கள் தயாராக இருக்கின்றன. ஆனால் அந்தச் சிரிப்புக்கு எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை. நகைச்சுவை நன்றாக இருந்தது, அதனால் சிரித்தேன். நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். மரத்தடியை அல்ல, நாற்காலியில் இருந்த என்னை.

ஹாஃப் டைமில் ரெஃப்ரியைக் கூப்பிட்டு, முகம் தெரிகிறது, எண் கலைந்துவிட்டது, இனி அனுமதிக்க முடியாது என்றேன். அவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டு, சரிங்க சார் என்றார். ஆட்டம் நின்றது. புள்ளிகள் மெரூன் அணிக்குப் போயின.

எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் நான்கடி தள்ளி நின்று, மிகவும் தயங்கிக் கேட்டார்.

"சார், அவன் மூஞ்சி நல்லா இல்லீங்களா?"

அவருக்கு விதியோ சின்னமோ எதுவும் தெரியவில்லை. படித்த ஒரு பெரிய மனிதர் தன் மகனின் முகத்தை மறைக்கச் சொன்னதற்கு, அவருக்குத் தோன்றிய ஒரே காரணம் அதுதான். நான் அந்தக் காரணத்தையே கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டேன்.

"அப்படியில்லம்மா. போட்டோ தெளிவா இல்ல."

அவர் முகம் தெளிந்தது. வேறு போட்டோ இருக்கிறது, நல்லதாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பார்க்கலாம் என்றேன்.

அந்த சீசன் முழுக்க அவர்கள் கடன் வாங்கிய வெள்ளைச் சட்டைகளில் ஆடித் தோற்றார்கள். கேப்டன் ஒன்றன் பின் ஒன்றாக எனக்குப் படங்கள் அனுப்பினான். பள்ளியில் டை கட்டி எடுத்தது, யாரோ கல்யாணத்தில் பந்திக்கு நடுவே எடுத்தது, ஆலை அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அத்தை ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் வருகிறது, இது தெளிவாக இருக்கிறதா என்று கேட்கிறது என்று கீழே எழுதியிருப்பான்; அந்த அம்மாவை அவன் அத்தை என்றுதான் சொல்வான். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அந்த அம்மா மறுபடி மைதானத்துக்கு வரவில்லை.

டிவிஷனை மெரூன் அணி வென்றது. பரிசளிப்பு மேடையில் அதன் நிறுவனரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். "அவர் போய்விட்டார் என்று யார் சொன்னது? இதோ இந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறார்" என்றேன். கை தட்டினார்கள். மைக்கின் எதிரொலியில் என் குரலை நானே கேட்டேன்.

பரிகாரம் செய்ய நினைத்தேன். படித்தவன் செய்கிற பரிகாரத்தைத்தான் செய்தேன். அடுத்த கூட்டத்தில், இனி சின்னம் என்ற பெயரிலும் எந்த அணியின் ஜெர்சியிலும் எந்த மனித முகமும் இருக்கக் கூடாது, விலக்கு யாருக்கும் இல்லை என்று திருத்தம் கொண்டுவந்து, சொந்தக்காரர்களின் கோபத்துக்கு நடுவே நிறைவேற்றினேன். மெரூன் அணி பெரியவரின் படத்தை எடுத்துவிட்டு அவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டது. நான் பொறுப்பிலிருந்து விலகினேன். மனது லேசானது. அந்த லேசான மனதோடுதான், அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல கீழப்பழுவூருக்கு பஸ் ஏறினேன்.

காலனி வீடு. கேப்டன்தான் அழைத்துப் போனான். நான் வருவதைக் கேட்டதுமே அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். எல்லாம் அவன் படங்கள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் சொல்லிவிட்டேன். அன்றைய போட்டோவில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான், ஆள் பார்த்துச் செய்தேன், சிரித்ததும் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததால் தடுமாறவில்லை.

அவர் கடைசிப் பகுதியைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப போட்டோ நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தாம்மா இருந்தது."

"அப்ப இந்த வருசம் போட்டுக்கலாங்களா?"

புதிய விதியைச் சொன்னேன். இனி யார் முகமும் கூடாது, அந்தப் பெரியவர் முகத்தையும் எடுத்தாயிற்று, எல்லோருக்கும் ஒன்றுதான் என்று விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலவே தெளிவாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்களுக்கென்ன சார். அவரு செலையே ரோட்டுல நிக்குதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குனிந்து என் மடியிலிருந்த கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வெளியே வரவில்லை.

கேப்டன் மெயின் ரோடு வரை கூட நடந்து வந்தான். சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் பேச முடியவில்லை. நிறுத்தத்தில் ஓர் இடைவெளி கிடைத்தபோது சொன்னான்.

"நீங்க வராமலே இருந்திருக்கலாம் சார். போட்டோ சரியில்லன்னு நெனச்ச வரைக்கும் அத்த நல்ல போட்டோவாத் தேடிக்கிட்டாவது இருந்துச்சு. இனிமே எதத் தேடும்?"

அரியலூர் பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து, போய் வருகிறேன் என்று சொல்ல ஜன்னல் வழியே பார்த்தேன். அவன் ஏற்கெனவே திரும்பி, தெருவை நோக்கிப் பாதி தூரம் நடந்துவிட்டிருந்தான்.