ஆர்டித்தின் தோட்டாக்கள்

எங்கள் தபால் நிலையத்துக்கு ஆர்வல் ஸ்கார் பெயரில் வரும் பெட்டிகள் கைக்கடக்கமாக இருக்கும். தூக்கினால் கல்லாகக் கனக்கும். உள்ளே துப்பாக்கிக் குண்டுகள். போன குளிர்காலத்திலிருந்து மட்டும் ஒன்பது பெட்டி என் கையால் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப்பேர் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள்தான். ஆனால் வருஷத்துக்கு அனுமதியுள்ள ஒரே ஒரு மானுக்கு ஒன்பது பெட்டி யாரும் வாங்குவதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தின வருஷம் ஐநூறு கெஜத்துக்கும் அப்பாலிருந்து ஒரு கலைமானைச் சுட்டார். அது துள்ளி ஓடியது. அது நின்ற இடத்தில் போய்ப் பார்த்தார், ஒரு சொட்டு ரத்தமில்லை. குறி தவறிவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் வட்டமிட்ட ஓடைப்பள்ளத்தில் அது கிடந்தது. முழுச் செம்புக் குண்டு அவ்வளவு தூரம் போனதில் வேகம் செத்து, நுனி விரிந்து மலராமலே ஊசிபோல மறுபக்கம் போயிருந்தது. இறைச்சி எதற்கும் ஆகவில்லை. மான் மூன்று நாளில் எப்போது செத்தது என்பதுதான் அவரைத் தின்றது.

இன்னொரு தடவை அப்படி நடந்தால் துப்பாக்கியை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதனால் வருஷம் முழுக்கக் கீழறையில் உட்கார்ந்து குண்டு தேர்ந்தார். கடைசியில் நீளமான, மெல்லிய தோல் கொண்ட ஒன்றில் வந்து நின்றார். வேகம் குறைந்தாலும் மலரும். பித்தளைக் கூட்டிலிருந்து அதைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்தால் குறி இன்னும் கூடியது. இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஐநூறு கெஜத்தில் குறிக்காகிதத்தில் ஐந்து குண்டும் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. அந்தக் காகிதத்தைக் காட்ட ஆளில்லாமல் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் கழிந்த சனிக்கிழமை. மறுநாளோடு வேட்டைப் பருவம் முடிகிறது. வெல்டா ஹோக்ஸ்டாடின் மேய்ச்சல் நிலத்து மேட்டில் ஆர்வல் படுத்திருந்தார். எதிர்ச்சரிவில், ஐநூற்று அறுபது கெஜத்தில், நல்ல கலைமான் ஒன்று. தோட்டாவை ஏற்றினார். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் சற்று இறுக்கமாகப் போனது; குளிர் என்று நினைத்தார். புல் ஒரு பக்கம் சாய்ந்தது, பள்ளத்தில் வேறு பக்கம் சாய்ந்தது.

"காத்து எப்படி, ஆர்டித்?" என்று கேட்டுவிட்டார்.

ஆர்டித் அவர் மனைவி. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னவள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். தோட்டாவை வெளியே எடுக்கப் போல்ட்டை இழுத்தார். வெறும் பித்தளைக் கூடு மட்டும் வந்தது. நீட்டி வைத்த குண்டு குழலின் வரிகளில் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. வெடிமருந்து கடுகு மாதிரி துப்பாக்கியின் வயிற்றுக்குள் கொட்டியது. குண்டைத் தள்ள நீளக்கம்பி வேண்டும். அது வீட்டில், நாற்பது மைல் தள்ளி.

வெல்டாவின் வீட்டுக்குப் போனார். அவளுக்கு எழுபத்து நாலு வயது. சமையலறை மேசையிலேயே தன்னிடமிருந்த கம்பியைக் குழலுக்குள் விட்டுத் தட்டினாள். குண்டு துணியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"பென்சில் மாதிரி இருக்கு. இதை இவ்வளவு வெளியே நீட்டினா மாட்டாம என்ன பண்ணும்? காகிதம் சுடறவன் பண்ற வேலை. நீ காகிதமா திங்கப்போற?"

ஆர்வல் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வருஷம் பூரா குண்டு மேலதான் பழி போட்டேன், வெல்டா. சுட்டதும் துப்பாக்கி எத்துதுல்ல, அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. பட்டுதா இல்லையான்னு அவதான் சொல்லுவா."

 பக்கத்தில் படுத்துப் பார்த்துச் சொல்லத் தன் முழங்கால் அந்த மேடு ஏறாது என்றாள் வெல்டா. பிறகு, "கிட்டப் போய்ச் சுடு. இருநூறு கெஜத்துக்கு உன் கண்ணே போதும்," என்றாள்.

கிட்டத்தில் அந்த மெல்லிய குண்டு வெடித்துச் சிதறி, தோள் கறியைப் பாழாக்கும். வீட்டில் வேறொரு பெட்டி இருந்தது. ஆர்டித்துக்கென்று அவர் செய்துவைத்த, சாதாரண ஈயமூக்குத் தோட்டாக்கள், பதினொன்று. அவள் இருநூறைத் தாண்டிச் சுட்டதே இல்லை. இரண்டு வருஷமாக அதன் மூடியைத் திறந்ததில்லை. அன்று ராத்திரி திறந்தார்.

ஞாயிறன்று விடிந்ததும் பள்ளத்துக்குள் இறங்கி, சாம்பல் நிறச் சேஜ் புதர்களூடே முழங்காலிலும் வயிற்றிலும் போனார். இரண்டரை மணி நேரம். நூற்று எழுபது கெஜத்தில் சுட்டார். மான் நாலடி நடந்து மடிந்தது. அதை அவரே பார்த்தார்.

"விழுந்துடுச்சு," என்றார். அது அவள் சொல்கிற வார்த்தை.

ஒற்றை ஆளாக வண்டிவரை இழுத்துவர மத்தியானம் ஆயிற்று. ஒரு பின்தொடையை வெல்டா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் பெயருக்குக் குண்டுப் பெட்டி எதுவும் வரவில்லை. எதையும் வரவழைக்க அவர் எழுதவும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமைதோறும் பதினாறு மைல் வண்டி ஓட்டிவந்து, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிறார். பார்க்கிறேன் என்று உள்ளே போய், கொஞ்சம் நேரமெடுத்துத்தான் திரும்பி வருகிறேன்.