சாலைக் கடையின் ஓட்டை வில்லை

பலசரக்குக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குச் சில்லறை இல்லாத நாளைப் போலக் கெட்ட நாள் கிடையாது. கைநீட்டிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

யுத்த காலம். காசும் சக்கர நாணயமும் எங்கே போய் ஒளிந்தனவோ, சாலைக் கடைத்தெருவில் கண்ணில் படவில்லை. முதலாளி எங்கோ அலைந்து செம்புத் தகடு பிடித்து, கடையின் தராசு முத்திரை போட்டு வில்லை அடித்தார். மீதிச் சில்லறைக்குப் பதில் அதைக் கொடுப்போம். திரும்பக் கொண்டுவந்தால் சாமான் கொடுப்போம். கோத்து வைக்க வசதியாக நடுவில் ஓட்டை போடச் சொன்ன புத்திசாலி நான்தான். போன வில்லை ஒன்றும் திரும்பி வரவில்லை. புதிதாக அடிக்கத் தகடும் இல்லை. சில்லறை தராத கடைக்கு யார் வருவார்கள்? முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஊரில் என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"ஓட்டை உன் யோசனைதானே? அதான் அவனவன் கோத்து வச்சுக்கிட்டான். ஒரு மாசத்துக்குள்ள வில்லை எல்லாம் கல்லாவுக்கு வரணும். வரலேன்னா நீ ஊரப் பாத்துப் போயிரணும், கேட்டியா?"

பெருமாளுக்கு உப்பு

ஸ்ரீவராகத்து மாமி ஒருத்தியிடம் நான்கு வில்லை நின்றது. கெஞ்சிக் கேட்டேன். கோவில் உண்டியலில் போட்டுவிட்டாளாம். அது எங்கள் கடையில் மட்டும்தான் செல்லும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மாமி அசரவில்லை.

"அதனால என்ன? பெருமாளுக்கு உப்பு வேணும்னா உங்க கடைக்கு வந்து வாங்கிக்கட்டும்."

ஒழுகாத சமோவர்

தம்பானூர் சாயாக்கடை நாயர் வாரம் தவறாமல் சர்க்கரை வாங்குவார், வில்லையை மட்டும் கொண்டுவர மாட்டார். நானே நடந்து போய்க் கேட்டேன். அவர் பெருமையாக வெந்நீர் கொதிக்கும் சமோவரின் குழாயைத் திருகிக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதில வெள்ளம் ஒழுகிட்டிருந்தது. உங்க வில்லைய வாஷராப் போட்டேன், இப்ப ஒரு துள்ளி ஒழுகல்ல கேட்டோ. இனி ரெண்டெண்ணம் கூடித் தரணும்."

நல்லதாகப் பார்த்து

அதற்குள் கைக்குழந்தைக்காரிகள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி, கல்லாவில் மிஞ்சியிருந்த ஒன்றிரண்டில் நான் கொடுத்த வில்லையைத் திருப்பித் தள்ளினாள். செல்லாது என்று சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

"இது நெளிஞ்சிருக்கு, வேற தாங்க. பிள்ளை இடுப்புக் கயித்துல கட்டணும். செம்பு கட்டினா கண்ணு படாதாமே."

ஊர்ப் பிள்ளைகளின் இடுப்பையெல்லாம் நான் எப்படிச் சோதனை போடுவது?

கெடு முடிந்த நாள்

கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் என்னை நிற்கவைத்து ஏசிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவருடைய பேரன் தவழ்ந்து வந்தான். இடுப்பில் கலகலவென்று சத்தம். குனிந்து பார்த்தேன். ஏழு வில்லை, ஏழிலும் எங்கள் தராசு. முதலாளியும் பார்த்தார். ஏச்சு பாதியில் நின்றது. பின்னாலேயே வந்த முதலாளியம்மாள் பேரனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இவர் ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவர்ற கடைப் பையிலேருந்து நான்தான் எடுத்தேன். உன் வீட்டுலயும் விசேஷம்னு சொன்னாங்க, நீயும் ஒண்ணு எடுத்து வச்சுக்கோ."

முதலாளி சாவியை வாங்கவில்லை. கல்லாவில் என் வேலையைக் காப்பாற்றியது என் நேர்மையும் இல்லை, என் அலைச்சலும் இல்லை, ஒன்பது மாதப் பிள்ளையின் இடுப்புதான்.