டிசீஸ்ட் என்றாள் நர்ஸ்

மலாயா ரப்பர் தோட்டத்தில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான். எங்கள் ஊர் கடமலைக்குண்டில் காய்ச்சல் வேறு, வயிற்றுக்கடுப்பு வேறு. இங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, மருந்து கொடுக்கும் டிரஸர் எங்களைப் பார்த்து, "என்ன டிசீஸ்?" என்பார். வந்த வாரமே அந்தச் சொல் எங்களுக்குப் பழகிவிட்டது.

என் தங்கை பேச்சியின் புருஷன் வீரணன் என்னோடு கப்பலேறி வந்தவன். மழை பொய்த்து ஊரில் சோளம் கருகிய வருஷம் அது. இரண்டாம் வருஷம் மலைக்காய்ச்சலில் விழுந்தவனை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி கொண்டுபோனேன். அவன் கட்டில் காலியாக இருந்தது. வெள்ளைக்கார நர்ஸிடம் பெயரைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து மெதுவாக, "டிசீஸ்ட்" என்றாள். நோயாளி என்கிறாள், அது தெரிந்துதானே அனுப்பினோம் என்று நினைத்துத் தலையாட்டினேன். வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் திரும்ப வந்து அதையே சொன்னாள். நானும் திரும்பத் தலையாட்டினேன். கஞ்சி ஆறியது.

கூட்டிப் பெருக்க வந்த மலையாளத்துக்காரர் என்ன சேதி என்று கேட்டார். சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேட்டா, ஆளு மரிச்சு போயி."

ஊரிலிருந்து மலையாளத்து ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறி இறங்கியவன் நான், அந்தப் பேச்சு புரிந்தது. நோய்ப்பட்டவனுக்கு ஒரு சொல், செத்தவனுக்கு ஒரு சொல், நர்ஸ் சொன்னது இரண்டாவது என்றார். இங்கிலீஷில் இரண்டும் வேறாம். என் காதில் ஒன்றாகத்தான் விழுந்தன. முந்தின நாளே புதைத்துவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மண்மேட்டைக் காட்டினார்.

மறு வருஷம் ஊருக்குப் போனேன். கடிதாசியில் சேதி முன்னமே போயிருந்தது; பேச்சி வெள்ளைச்சேலையில் இருந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். பிறகு கேட்டாள்.

"அப்ப, அந்தப் பெஞ்சில உக்காந்திருந்த வரைக்கும் ஒங்களுக்கு அவுக உசிரோடதான் இருந்தாக, இல்லண்ணே?"

ஆமாம் என்றேன். அவுகளுக்குக் கஞ்சி வச்சுக்கிட்டுப் பக்கத்துல காத்திருக்க எனக்கு அந்த நேரம்கூட இல்லையே என்று அழுதாள்.

ஊரோடு இருந்துவிடுகிறேன் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. "அங்கன அவுகளுக்கு ஆரு இருக்கா? நீங்க போங்க" என்றாள். ஆண்டிபட்டி வரைக்கும் கூடவே நடந்துவந்து வழியனுப்பினாள்.

மலாயாவுக்குத் திரும்பி வந்து, அமாவாசை தோறும் அந்த மண்மேட்டில் தண்ணீர் தெளிக்கிறேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் வேலி, இந்தப் பக்கம்தான் நிற்க இடம். அவனைப் பார்த்து நின்றால் ஊர் என் முதுகுப்பக்கம் போய்விடுகிறது. ஊர்த் திசை பார்த்துக் கும்பிடத் திரும்பினால், அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்.